மாதிரி நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரர்

மேலிடத்திலிருந்து மருத்துவக் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. பாலியல் நலம் பற்றி மாணவ மாணவியரின் அறிவும் மனப்பான்மையும் எந்த அளவில் உள்ளன என்பதை முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கல்லூரி வழக்கம்போல 'திருப்திகரம்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியது. குடிதண்ணீர் பற்றிக் கேட்டபோதும், தீயணைப்புக் கருவி பற்றிக் கேட்டபோதும் அதே பதில்தான் போயிருந்தது. யாரும் திருப்பிக் கேட்டதில்லை. இந்தத் தடவை மேலிடத்துக்கு என்ன பொழுது போகவில்லையோ, 'ஆதாரம் இணைக்கவும்' என்று எழுதிவிட்டார்கள்.

ஆதாரம் என்றால் பரீட்சை வைக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை வைத்துப் பிரயோஜனமில்லை. பிள்ளைகள் பிளந்து கட்டிவிடுவார்கள். பாடம் அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ஆகவே எதிரே ஒரு நோயாளியை உட்கார வைத்து, அவரோடு எட்டு நிமிடம் பேசச் சொல்லி மார்க் போடுவது என்று குழு கூடி முடிவெடுத்தது. நிஜ நோயாளியை உட்கார வைக்க முடியாது. அவருக்கு நிஜமாகவே ஏதாவது இருந்து தொலைக்கும். அதனால் மாதிரி நோயாளி ஒருவர் தேவைப்பட்டார். ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பரைப் பிடித்தார்கள்.

அவரை எல்லாரும் பஞ்சுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, ஊசி எல்லாம் அவர் கையைத் தாண்டித்தான் வெளியே போகும். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு பிடி பஞ்சு கொடுக்க மாட்டார். ஒரு தடவை, மேஜையில் ஆளைக் கிடத்திவிட்டு ஓடிவந்த சர்ஜனையே, "மூணாவது கையெழுத்து வாங்கிட்டு வாங்க சார், நான் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன்" என்று திருப்பி அனுப்பியவர். நாற்பத்தாறு வயது. கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. இவை தவிர அவருக்கு இன்னொன்றும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மனைவிக்கு அது தெரியும், ஆனால் தப்பாகத் தெரியும்.

மனைவி பஸ் கண்டக்டர். கூட்டத்தில் ஒளிந்து நிற்பவனை மூன்றாவது வரிசையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள். பத்து மாதமாகப் புருஷன் முதுகுவலி, பல்வலி என்று ஏதாவது சொல்லி நழுவுவதை அவளும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"உண்மையச் சொல்லிடு. யாரு அவ?"

"எவ?"

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். எங்க இறங்கணும்னு எனக்கு யாரும் விசில் ஊதிச் சொல்ல வேண்டாம்."

பஞ்சுக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. எவளும் இல்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வதைவிட எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்வதே அவருக்குக் கௌரவமாகத் தோன்றியது. அவள் தங்கை வீட்டுக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பதைப் பார்த்தபோது, அந்தக் கௌரவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தோன்றியது.

டாக்டரிடம் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் போனார், மூன்று தடவை. ஆஸ்பத்திரியில் ரத்தக்கொதிப்புக்கென்றே ஒரு டாக்டர் உண்டு. பிரஷர் டாக்டர் என்று பெயர். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, "நல்லா இருக்கு. அதே மாத்திரை. அடுத்து!" என்பார்.

"டாக்டர், இன்னொரு விஷயம்..."

"உப்பைக் குறைங்க. அடுத்து!"

மூன்று தடவையும் உப்பைக் குறைத்துக்கொண்டதுதான் மிச்சம். அது மனைவியின் சந்தேகத்தை இன்னும் வளர்த்தது. வெளியே ருசியாகச் சாப்பிட்டு வருகிறவனுக்குத்தான் வீட்டில் உப்பு வேண்டாம் என்பது அவள் கணக்கு.

இந்த நிலையில்தான் மாதிரி நோயாளி உத்தியோகம் வந்தது. என்ன பரீட்சை என்று தெரிந்ததும் பஞ்சுக்காரருக்கு நெஞ்சு குதித்தது. ஒரே நாளில் இருபத்துநாலு பேர் வரிசையாக வந்து இதையே கேட்கப் போகிறார்கள். நடிப்பு என்ற பேரில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். இருபத்துநாலு பேரில் ஒருவராவது வழி சொல்ல மாட்டாரா?

நோயாளி பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். முதலில் அதில் நோயைப் பச்சையாக எழுதியிருந்தது. குழுவில் இருந்த விடுதி வார்டன் அம்மா, டைப் அடிக்கும் பெண் கல்யாணமாகாதவள் என்று சுட்டிக்காட்டினார். 'இல்லறச் சிக்கல்' என்று மாற்றினார்கள். இல்லறம் என்றாலே யோசனை எங்கெங்கோ போகிறது என்றார் ஒருவர். 'ஒரு சிக்கல்' ஆயிற்று. சிக்கல் என்பதும் கொஞ்சம் ஒரு மாதிரி இருப்பதாகக் குழு உணர்ந்தது. ஒரே நாளில் ஐந்து அமர்வுகளுக்குப் பிறகு தாளில் மிஞ்சியது இதுதான்: 'நோயாளிக்கு ஒன்று உண்டு. கேட்டால் மட்டும் சொல்வார்.'

பஞ்சுக்காரர் தாளை எடுத்துக்கொண்டு குழுத் தலைவரிடம் போனார்.

"ஐயா, ஒன்று உண்டுன்னு போட்டிருக்கு. என்னதுங்க அது?"

தலைவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அது."

"அதுன்னா?"

"அதேதான்யா."

"மாணவர் கேட்டா நான் என்ன சொல்றதுங்க?"

"அந்த அளவுக்கு யாரும் போக மாட்டாங்க. நம்ம பிள்ளைங்க நல்ல பிள்ளைங்க. தப்பித் தவறிக் கேட்டுட்டா, உங்களுக்குத் தெரிஞ்சதை வச்சு ஏதாவது சொல்லுங்க. குடும்பஸ்தர்தானே!"

மார்க் பட்டியலும் தயாரானது. மொத்தம் இருபது. கதவைத் தட்டினால் இரண்டு. வணக்கம் சொன்னால் இரண்டு. தன் பெயர் சொன்னால், கை கழுவினால், திரையை இழுத்து மூடினால், கண்ணைப் பார்த்தால், தலையாட்டினால் தலா இரண்டு. பரிவு காட்டினால் மூன்று. நன்றி சொன்னால் இரண்டு. கடைசியில் பொடி எழுத்தில், 'அது பற்றி விசாரித்தல்' என்று ஒரு மார்க். பாஸாவதற்குப் பத்து போதும்.

பரீட்சை நாளன்று பஞ்சுக்காரர் தலை சீவி, சட்டையை இஸ்திரி போட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டூல், கை கழுவும் தொட்டி, வளையம் கோத்த ஒரு திரை, ஒரு மணி. மூலையில் மார்க் போடுவதற்கு யார் என்று பார்த்தால், பிரஷர் டாக்டர். பஞ்சுக்காரருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் டாக்டர் அவரை யாரென்றே அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கையில் பட்டை சுற்றியிருந்தால் ஒருவேளை கண்டுகொண்டிருப்பார்.

முதல் மாணவன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். தட்டியது போதவில்லையோ என்று சந்தேகம் வந்து, திரும்பப் போய் மறுபடி தட்டிவிட்டு வந்தான். மூன்று நிமிடம் கை கழுவினான். திரையை இழுத்தான், வளையம் சிக்கிக்கொண்டது. ஸ்டூல் மேல் ஏறிச் சரிசெய்து கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. ஸ்டூல் மேலிருந்தே நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்தவன் உட்காரும்போதே, "உங்க வேதனை எனக்குப் புரியுதுங்க" என்றான்.

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே தம்பி."

"சொல்ல வேண்டாங்க. புரியுது." எட்டு நிமிடமும் தலையாட்டினான். கழுத்து சுளுக்கிக்கொள்ளப் போகிறதே என்று பஞ்சுக்காரர்தான் பரிவு காட்ட வேண்டியிருந்தது.

ஐந்தாவதாக வந்த பையன் கொஞ்சம் நெருங்கி வந்தான். எச்சில் விழுங்கிக்கொண்டு, "வீட்டுல... எல்லாம்... எப்படி இருக்கு?" என்றான்.

பஞ்சுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "வீட்டுலதான் தம்பி பிரச்சினையே."

பையன் வெலவெலத்துப் போனான். "வாடகை வீடா, சொந்த வீடா?"

ஒன்பதாவதாக வந்தவள் எல்லாப் பாடத்திலும் முதல் ராங்க். விட்டத்தைப் பார்த்தபடி, இந்தக் கோளாறுக்கு உள்ள பதினான்கு காரணங்களையும் ஒப்பிக்க ஆரம்பித்தாள். "சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு, நரம்புத் தளர்ச்சி, மனக்கவலை, சில மாத்திரைகள்..."

"அம்மா, அந்த மாத்திரைன்னு சொன்னீங்களே, அது..."

"குறுக்கே பேசாதீங்க சார். இன்னும் ஒன்பது பாக்கி இருக்கு."

பதினாலாவது ஆள், இருபத்தொரு வயசுப் பையன், மனதைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும், பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும், எதிலும் கட்டுப்பாடு வேண்டும் என்று புத்தி சொன்னான். கட்டுப்பாட்டுக்குப் பஞ்சுக்காரரிடம் குறைவே இல்லை; பத்து மாதமாக அது ஒன்றுதான் இருந்தது. மத்தியானத்துக்குள் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது. நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவர்கள் எல்லாருக்கும் பத்தொன்பது மார்க் கிடைக்கும், தனக்கு ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாவதாகக் கொக்கி வந்தாள்.

வகுப்பில் எந்த ஆசிரியர் எதைச் சொன்னாலும் எழுந்து ஒரு கேள்வி போடுவாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கதவு திறந்திருந்ததால் தட்டாமல் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க சார், என்ன செய்யுது?"

"ஒண்ணு இருக்கும்மா."

"என்னது?"

காலையிலிருந்து அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி அது. பஞ்சுக்காரர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"தூக்கமா, வேலையா, இல்ல வீட்டுல மனைவியோட இருக்கிறதுல ஏதாவது சிரமமா?"

"கடைசியாச் சொன்னது."

"மனசு இல்லையா, உடம்பு ஒத்துழைக்கலையா?"

"மனசு இருக்கும்மா. உடம்புதான்..." பஞ்சுக்காரர் குழந்தை மாதிரி தேம்பினார். அவள் மேஜையிலிருந்த காகிதத் துண்டை எடுத்து நீட்டிவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை சும்மா இருந்தாள்.

"எத்தனை மாசமா?"

"பத்து."

"பத்து மாசத்துக்கு முன்னால புதுசா என்ன ஆச்சு? சண்டை, துக்கம், மாத்திரை?"

"பிரஷர் மாத்திரை ஆரம்பிச்சாங்க."

மூலையில் ஒரு பேனா கீழே விழுந்து உருண்டது.

"சில பேருக்குச் சில பிரஷர் மாத்திரையால இப்படி ஆகும் சார். உங்களுக்கும் அதனாலயா இருக்கலாம். நீங்களா நிறுத்திடாதீங்க, ஆபத்து. எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே சொல்லி மாத்தித் தரச் சொல்லுங்க. சர்க்கரையும் நெஞ்சும் ஒரு தடவை பாத்துடுங்க. அப்புறம், வீட்டுல இன்னைக்கே சொல்லிடுங்க. அவங்க வேற எதையோ நினைச்சுக்கிட்டிருப்பாங்க."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"சொல்லாம விட்டா யாரா இருந்தாலும் அப்படித்தான சார் நினைப்பாங்க?"

மணி அடித்தது. பிரஷர் டாக்டர் பட்டியலைப் பார்த்தார். கதவு தட்டவில்லை. வணக்கம் இல்லை, பெயர் இல்லை, கை கழுவவில்லை, திரை மூடவில்லை, நன்றி இல்லை. கண்ணைப் பார்த்தாள், தலையாட்டினாள், விசாரித்தாள்: ஆக ஐந்து. பரிவுக்கு மூன்று மார்க் போடலாமா என்று யோசித்தார். நோயாளி அழுதிருக்கிறார், பரிவு காட்டியிருந்தால் எதற்கு அழப்போகிறார்? பூஜ்யம் போட்டு, கொக்கியை ஃபெயில் ஆக்கினார்.

எல்லாரும் போன பிறகு டாக்டர் வந்து பஞ்சுக்காரரின் முதுகில் தட்டினார். "பிரமாதமான நடிப்புய்யா! கண்ணீரெல்லாம் வந்துச்சே!"

"நடிப்பு இல்லீங்க டாக்டர்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். நடிப்பாவே தெரியல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த மாத்திரை... நான் எழுதினதா?"

"ஆமாங்க."

டாக்டர் வேறு மாத்திரை எழுதிச் சீட்டைக் கொடுத்தார். அதையே இன்னொரு சீட்டில் எழுதி மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது எதுக்குங்க?"

"ஆபீஸ் காப்பி" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலமே பஞ்சுக்காரர் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் டிக்கெட் பையாலேயே ஒன்று வைத்தாள். "இதைச் சொல்றதுக்கா பத்து மாசம்? என் பஸ்ஸுல ஏர்ற ஒவ்வொருத்தியையும் முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தேனே, படுபாவி!" தங்கை வீட்டுக்குக் கட்டிய பெட்டி பரணுக்குப் போனது. சில வாரங்களில் புது மாத்திரை வேலையைக் காட்டியது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் திரும்பி வரும் என்று இருவருமே நினைக்கவில்லை. "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்று தினமும் வாழ்த்திவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போனாள்.

அந்தப் பொண்ணு நல்லா இல்லை. ஃபெயில் ஆனதை எதிர்த்து மனுப் போட்டிருந்தாள். விசாரணைக்குக் குழு கூடியது, பஞ்சுக்காரரையும் கூப்பிட்டார்கள். கொக்கி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சுக்காரரைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இந்தப் பொண்ணு கண்டுபிடிச்ச வியாதி நம்ம தாள்ல இல்லை. அப்ப ரெண்டுல ஒண்ணு. வியாதி நிஜமா உங்களுக்கு இருந்தா, கண்டுபிடிச்ச மாணவியை ஃபெயில் போட விதி இல்லை, பாஸ். நிஜமில்லேன்னா, இல்லாத வியாதிக்கு வைத்தியம் சொல்லியிருக்கா, ஃபெயில். எதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, போதும்."

"இந்தக் காகிதம் எங்கெல்லாம்ங்க போகும்?"

"ஏழு மேஜை."

ஏழு மேஜையும் பஞ்சுக்காரருக்குத் தெரியும். முதல் மேஜைக்காரரோடுதான் தினமும் டீ குடிப்பார். மூன்றாவது மேஜைக்காரர் வாய்க்குப் பூட்டு இல்லாதவர். ஐந்தாவது மேஜை அவருடைய சொந்த மைத்துனர். பேனாவைக் கையில் வாங்கினார். 'எனக்குத்தான்' என்று ஒரு சொல் எழுத வேண்டும். ஆயிரம் பேரை மூன்று கையெழுத்துக்கு அலையவிட்டவருக்கு, ஒரு கையெழுத்து வரமாட்டேன் என்றது.

"பக்கத்து வீட்டுக்காரருக்குங்க" என்றார்.

அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

கொக்கி எழுந்தாள். "பக்கத்து வீட்டுக்காரருக்காகவா சார் அன்னைக்கு அப்படி அழுதீங்க?"

பஞ்சுக்காரர் தரையைப் பார்த்தார். "நெருங்கின பழக்கம்மா."

மனு தள்ளுபடியாயிற்று. ஆறு மாதம் கழித்து மறுபரீட்சை. அவள் வெளியே போனதும் தலைவர் லேசாக இருமினார்.

"ஆமா, பக்கத்து வீட்டுக்காரர் இப்ப எப்படி இருக்கார்?"

"மாத்திரை மாத்தினதுல ரொம்ப நல்லா இருக்காருங்க."

"எந்த மாத்திரையாம்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். "நமக்கும் அக்கம்பக்கத்துல நாலு பேர் இருக்காங்க இல்லையா."

வார்டன் அம்மாவும் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க பக்கத்து வீட்டம்மாவும் அவங்க வீட்டுக்காரரைப் பத்தி வருத்தப்பட்டுக்கிட்டிருந்தாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

பஞ்சுக்காரருக்கு நிஜமாகவே ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். கைக்கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர். மனைவியை இழந்து, இரண்டாங்கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் ஏழு மேஜையைத் தாண்டிய மாதத்தில், நிச்சயமாக இருந்த சம்பந்தம் ஏன் கைநழுவியது என்று அந்த மனிதருக்கு இன்றுவரை தெரியாது.

மேலிடத்துக்கு அறிக்கை போனது. இருபத்துநாலு பேரில் இருபத்துமூன்று பேர் தேர்ச்சி. அறிவு உயர்ந்தது, மனப்பான்மை கண்ணியமானது என்று பாராட்டு வந்தது. விசாரணைக் கோப்பையும் யாரோ படித்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஏற்பாடு நாகரிகமாக இருப்பதால் எல்லாக் கல்லூரிகளும் பின்பற்றலாம் என்று உத்தரவும் கூடவே வந்தது. தாளைத் திருத்தினார்கள்: 'நோயாளியின் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்று உண்டு.' மார்க் பட்டியலின் கடைசி வரி, 'பக்கத்து வீட்டுக்காரரின் நலம் விசாரித்தல்' என்று ஆயிற்று. பஞ்சுக்காரர் நிரந்தர மாதிரி நோயாளியாக நியமிக்கப்பட்டார்.

"அந்தப் பொண்ணு பாஸாயிட்டாளா?" என்று மனைவி கேட்டபோது, நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"உனக்கு உடம்பு சரியாகி என்ன பிரயோஜனம்?" என்றாள். "மறுபடி பரீட்சைக்கு வருவா இல்ல? அன்னைக்காவது வாயைத் திற."

ஆறு மாதம் கழித்து அதே அறை, அதே திரை, மூலையில் அதே டாக்டர். ஆள் மட்டும் முன்னைவிடத் தெளிவாக இருந்தார். கதவு நிதானமாக மூன்று தடவை தட்டப்பட்டது. கொக்கி உள்ளே வந்தாள். வணக்கம் சொன்னாள், பெயர் சொன்னாள், விரல் விரலாகக் கை கழுவினாள். திரையை ஒரே இழுப்பில் மூடினாள். கண்ணைப் பார்த்துத் தலையாட்டி, "உங்க வேதனை எனக்குப் புரியுதுங்க" என்றாள்.

"உங்க பக்கத்து வீட்டுக்காரர் சௌக்கியமா?" என்று கேட்டாள்.

பஞ்சுக்காரர் கையைக் கூப்பினார். டாக்டர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார். "அது எனக்குத்தாம்மா. பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்ல. அன்னைக்கு நான் பொய் சொன்னேன். நீதான் என் குடும்பத்தைக் காப்பாத்தினே."

அவள் மூலையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு முன்பொரு நாள் காகிதத் துண்டை நீட்டிய அதே மென்மையோடு சொன்னாள்:

"இதுக்கு மார்க் இல்லீங்க சார். பக்கத்து வீட்டுக்காரர் சௌக்கியமா, அதை மட்டும் சொல்லுங்க."

"சௌக்கியம்மா" என்றார் பஞ்சுக்காரர்.

அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். இருபதுக்கு இருபது. கல்லூரியில் இதுவரை யாரும் வாங்காத மார்க் என்று அவள் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார்கள்.